வீட்டு ஒலிப்பதிவுக்கு மைக் ப்ரீஆம்ப்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஷூர் எஸ்எம்58 மைக்கின் முன்னால் 94 டெசிபல் சத்தம் இருந்தால் அது தருவது 1.85 மில்லிவோல்ட் மட்டுமே. ஸ்டுடியோக் கருவிகளில் வழங்கும் லைன் அளவோ 1.23 வோல்ட், அதாவது ஏறத்தாழ 660 மடங்கு. இந்த இடைவெளியை, கூடுமானவரை இரைச்சல் சேர்க்காமல், நிரப்பித் தருவதுதான் ப்ரீஆம்பின் வேலை.

நீங்கள் வைத்திருக்கும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. எனவே எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன், தனியாக ஒன்று தேவையா என்று பார்த்துவிட வேண்டும். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் மைக்கின் சென்சிடிவிட்டி, மைக் இருக்கும் இடத்தில் குரலோ வாத்தியமோ எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் கால் மணி நேரத்தில் தாளில் கணக்குப் போட்டுவிடலாம்.

மைக்கின் எண்

சென்சிடிவிட்டி என்பது 94 டெசிபல் சத்தத்துக்கு மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்ற அளவு. கையேட்டில் மில்லிவோல்ட்டாகவோ டிபிவி ஆகவோ போட்டிருப்பார்கள். இது மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு. ப்ரீஆம்ப் கையேடுகள் டிபியூ என்ற இன்னோர் அலகில் பேசுவதால், டிபிவியோடு 2.2 கூட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பலர் வைத்திருக்கும் நான்கு மைக்குகளுக்கு அது இப்படி வரும்:

ஷூர் எஸ்எம்7பி: −59 டிபிவி, அதாவது சுமார் −57 டிபியூ
ஷூர் எஸ்எம்58: −54.5 டிபிவி, சுமார் −52 டிபியூ
ஆடியோ டெக்னிகா ஏடி2020: −37 டிபிவி, சுமார் −35 டிபியூ
ரோட் என்டி1-ஏ: −32 டிபிவி, சுமார் −30 டிபியூ

முதல் இரண்டும் டைனமிக் (தனி மின்சாரம் தேவைப்படாதவை), அடுத்த இரண்டும் கன்டென்சர் (இயங்க மின்சாரம் தேவைப்படுபவை). பட்டியலின் இரு முனைகளுக்கும் நடுவே 27 டெசிபல் வித்தியாசம். ஒரு ப்ரீஆம்ப் ஒருவருக்கு அமைதியாகவும் இன்னொருவருக்கு இரைச்சலாகவும் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவர்கள் மாட்டியிருக்கும் மைக் வேறு.

ப்ரீஆம்பின் இரைச்சல் எண்

ப்ரீஆம்ப் தானாகச் சேர்க்கும் இரைச்சலை இஐஎன் (ஈக்விவலன்ட் இன்புட் நாய்ஸ்) என்ற எண்ணால் குறிப்பார்கள்; அது எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. நல்ல இன்டர்ஃபேஸ்களில் இது −127, −128, −129 டிபியூ என்ற அளவில் இருக்கும். 150 ஓம் மின்தடை ஒன்றே அறை வெப்பநிலையில் சுமார் −131 டிபியூ இரைச்சலைத் தந்துவிடும். இயற்கை விதித்த அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு விலையுள்ள ப்ரீஆம்பும் போக முடியாது. ஏற்கெனவே −128 உள்ள கருவி எல்லையிலிருந்து 3 டெசிபல் தள்ளித்தான் நிற்கிறது. அதைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்தாலும் இரைச்சல் விஷயத்தில் கிடைக்கக்கூடியது அந்த 3 டெசிபலுக்குள்தான்.

இந்த எண்ணை ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஏ-வெயிட்டிங் (காதுக்குக் குறைவாகக் கேட்கும் ஒலிகளைக் குறைத்து எண்ணும் முறை) போட்டு அளந்தால் எண் சுமார் 2 டெசிபல் அழகாகத் தெரியும். உள்ளீட்டில் 150 ஓம் வைக்காமல் ஷார்ட் செய்து அளந்தால் இன்னும் அழகாகத் தெரியும். எப்படி அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை ஒதுக்கிவிடுங்கள். தவிர, இது முழு கெய்னில் (ப்ரீஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு) எடுத்த அளவு. கெய்னைக் குறைத்தால் இஐஎன் மோசமாகும். அப்போது உள்ளே வரும் சிக்னல் பெரிதாக இருப்பதால் அது பெரும்பாலும் காதுக்குத் தெரியாது.

இப்போது மைக்கின் எண்ணையும் இஐஎன்னையும் சேர்த்துப் பார்ப்போம். ப்ரீஆம்பின் இரைச்சல் அறைக்குள் எத்தனை டெசிபல் சத்தத்துக்குச் சமம் என்று கண்டுபிடிக்க, மைக்கின் டிபியூ எண்ணிலிருந்து இஐஎன்னைக் கழித்து, வந்ததை 94இலிருந்து கழிக்க வேண்டும். −128 உள்ள ப்ரீஆம்பில் எஸ்எம்7பி மாட்டினால் இடைவெளி 71. ஆக, ப்ரீஆம்பின் இரைச்சல் 23 டெசிபல் சத்தத்துக்குச் சமம். எஸ்எம்58 என்றால் 18. ஏடி2020 என்றால் வெறும் 1. ஆனால் ஏடி2020 மைக்கின் சொந்த இரைச்சலே 20 டெசிபல் என்பதால் ப்ரீஆம்ப் அங்கே கணக்கிலேயே வராது. என்டி1-ஏ மைக்கில் ப்ரீஆம்பின் இரைச்சல் −4, மைக்கின் சொந்த இரைச்சல் 5. அங்கேயும் மைக்தான் பெரிது.

கன்டென்சர் மைக் வைத்திருப்பவர் இரைச்சலைக் குறைப்பதற்காகத் தனி ப்ரீஆம்ப் வாங்கினால் ஒரு பயனும் இல்லை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், ஏனென்றால் வீண் செலவு அதிகம் நடப்பது இங்கேதான்.

டைனமிக் மைக் கதை கொஞ்சம் வேறு. இஐஎன் −120 அளவில் உள்ள பழைய அல்லது மலிவான கருவியில் எஸ்எம்7பி மாட்டினால் இரைச்சல் 31 டெசிபலுக்குச் சமமாகிவிடும். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் ஓர் அமைதியான அறையில் இருக்கும் சத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மெதுவாகப் பேசும் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று கேட்கவே செய்யும். −120இலிருந்து −128க்குப் போனால் வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். −128இலிருந்து −130க்குப் போவதைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. குரலுக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். 20 செ.மீ. தள்ளிப் பேசுபவர் 10 செ.மீ.க்கு வந்தால், ஏற்கெனவே −128 உள்ள கருவியில் எந்த ப்ரீஆம்ப் மாற்றமும் தராத முன்னேற்றம் அந்த நொடியே கிடைக்கும். 'ப', 'ஃப' ஒலிகள் வெடிக்காமலிருக்க பாப் ஃபில்டர் வைத்து, மைக்கை வாய்க்கு நேராக அல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

கெய்ன் எவ்வளவு வேண்டும்

எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும் என்பது ஷூர் நிறுவனத்தின் பரிந்துரை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல்தான். நான்காம் தலைமுறையில் 69. இந்த எண்களைப் பார்த்தே பலரும், மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்டிக் கெய்ன் கூட்டும் பூஸ்டர் வாங்க ஓடுகிறார்கள். கெய்ன் எண்ணைத் தனியாக ஒப்பிடுவது தவறு. கெய்ன் குமிழ் குறைந்தபட்சத்தில் இருக்கும்போது கருவி தாங்கும் அதிகபட்ச உள்ளீடு எவ்வளவு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த உள்ளீட்டிலிருந்து கெய்னைக் கழித்தால், கெய்னை முழுதும் திருகிய நிலையில் எந்த அளவு சிக்னல் மீட்டரை 0 வரை நிரப்பும் என்பது தெரிந்துவிடும்.

ஒரு கருவியில் அதிகபட்ச உள்ளீடு +9 டிபியூ, கெய்ன் 56 என்று வைத்துக்கொள்வோம். 9 − 56 = −47 டிபியூ. இன்னொன்றில் +16, 69 என்றால் −53 டிபியூ. கெய்ன் எண்ணில் 13 டெசிபல் வித்தியாசம் இருந்தாலும் உண்மையான வித்தியாசம் 6 டெசிபல்தான்.

இனிக் குரலுக்கு வருவோம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். 10 செ.மீ.க்கு வந்தால் 80. எஸ்எம்7பி 94 டெசிபலுக்கு −57 டிபியூ தருகிறது என்பதால் 80 டெசிபலுக்கு −71 டிபியூ தரும். முதல் கருவியில் இது சராசரியாக −24 டிபிஎஃப்எஸ் (மீட்டரின் உச்சமான 0இலிருந்து கீழே எண்ணும் அலகு) அளவில் பதிவாகும், உச்சங்கள் −10 அருகே எட்டும். 24 பிட் பதிவுக்கு இது நல்ல அளவு. குமிழ் கடைசிவரை திருகியிருப்பதால் ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம்.

கெய்ன் இன்னும் 10 டெசிபல் குறைவான கருவியாக இருந்தாலும், பதிவான பிறகு மென்பொருளில் 10 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். ப்ரீஆம்பின் இரைச்சல், சிக்னலை எண்களாக மாற்றும் கன்வர்ட்டரின் இரைச்சலைவிட மிக உயரத்தில் இருக்கும் என்பதால், பிறகு ஏற்றுவதால் எதுவும் கெட்டுப்போகாது. குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அப்படியே நிற்கும். நேரலைச் செயலிகளில் இப்படி ஏற்ற வழி இல்லாதபோதுதான் கெய்ன் போதாமை உண்மையிலேயே இடிக்கும்.

மறுமுனையிலும் சிக்கல் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையருகே என்டி1-ஏ வைத்து, ஒரு அடி 124 டெசிபல் உச்சத்தைத் தொட்டால் மைக்கிலிருந்து 0 டிபியூ வெளியே வரும். அதிகபட்ச மைக் உள்ளீடு +9 உள்ள கருவி தாங்கிவிடும். −3 மட்டுமே தாங்கும் கருவியில் கெய்ன் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஒலி உடையும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தவில், நாகஸ்வரம் போன்றவற்றை வீட்டில் பதிபவர்கள் வாங்கும்போது கெய்னைவிட இந்த எண்ணையும், சிக்னலை 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். என்டி1-ஏ மைக்கில் பேட் சுவிட்ச் இல்லை; மைக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் 6 டெசிபல் இறங்கும்.

வீணை இதற்கு நேரெதிர். மென்மையான நாதம், அதோடு மைக்கை அரை மீட்டராவது தள்ளி வைத்தால்தான் குடத்தின் ஒலியும் தந்தியின் ஒலியும் சேர்ந்து வரும். எஸ்எம்7பி போன்ற மைக்கை அங்கே வைத்துவிட்டு ப்ரீஆம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சொந்த இரைச்சல் குறைந்த கன்டென்சர் மைக்தான் அங்கே சரியான விடை.

பூஸ்டர்கள்

க்ளவுட்லிஃப்டர் சிஎல்-1 சுமார் 25 டெசிபலும் ஃபெட்ஹெட் சுமார் 27 டெசிபலும் கூட்டும். இரண்டும் 48 வோல்ட் பேன்டம் பவரில் (மைக் கம்பி வழியாகவே கருவி அனுப்பும் மின்சாரம்) இயங்கும். அந்த 48 வோல்ட்டை மைக்குக்கு விடாது. எனவே டைனமிக் மைக்குகளுக்கும், மெல்லிய உலோக நாடா அதிரும் ரிப்பன் மைக்குகளுக்கும் மட்டுமே இவை பயன்படும். நடுவில் இதை வைத்தால் கன்டென்சர் மைக் வேலையே செய்யாது.

உங்கள் இன்டர்ஃபேஸின் இஐஎன் −127க்குக் கீழே இருந்தால் பூஸ்டரால் இரைச்சல் குறையாது. சத்தம் கூடுவதால் குறைந்ததுபோல் தோன்றும், அவ்வளவே. இஐஎன் மோசமான பழைய கருவியிலும், குமிழின் கடைசிக் கால் பங்கில் திடீரென்று இரைச்சல் எழும் கருவியிலும்தான் பூஸ்டர் தன் விலைக்கு ஈடாக உழைக்கும். 2023இல் வந்த எஸ்எம்7டிபி மைக்கில் 18 அல்லது 28 டெசிபல் கூட்டும் சுற்று உள்ளேயே இருக்கிறது. அதற்கும் 48 வோல்ட் தேவை.

தனி ப்ரீஆம்ப் எப்போது தேவை

மூன்று காரணங்கள் உண்மையானவை. ஒன்று, ரிப்பன் மைக். ரிப்பன் தரும் மின்னழுத்தம் குறைவு. ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) மைக்கின் மின்மறுப்பைப்போல் ஐந்து மடங்காவது இல்லாவிட்டால் கீழ் ஸ்தாயி மெலிந்துபோகும், பத்து மடங்கு இருப்பது நல்லது. இரண்டு, சேனல் போதாமை. எட்டு சேனல் ப்ரீஆம்பை ஏடாட் என்ற டிஜிட்டல் ஆப்டிகல் கம்பி வழியாக இன்டர்ஃபேஸோடு சேர்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனலும், 96இல் நான்கும் கிடைக்கும். இரண்டு கருவிகளில் ஒன்று மட்டுமே கடிகாரத் தலைமை ஏற்க வேண்டும், மற்றது அதன் டிஜிட்டல் தாளத்தைப் பின்பற்ற வேண்டும். இதை அமைக்க மறந்தால் பதிவில் இடையிடையே 'டிக்' சத்தம் விழும்.

மூன்றாவது காரணம் நிறம். 1970இல் வந்த நீவ் 1073 போன்ற டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீஆம்புகள் சிக்னலை அழுத்தித் தள்ளும்போது ஹார்மோனிக்குகளை (மூல ஒலியின் மடங்குகளான மேல் ஒலிகள்) சேர்க்கும். குரலுக்குக் கொஞ்சம் தடிமன் கிடைக்கும். மெதுவாக ஓட்டினால் அந்த நிறம் பெரும்பாலும் தெரியாது. எனவே இந்த வகையில் ஒன்று வாங்குவதானால் கெய்னுக்குப் பிறகு தனியாக அவுட்புட் குமிழ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கெய்னைக் கூட்டி டிரான்ஸ்ஃபார்மரை உழைக்க வைத்து, அவுட்புட்டைக் குறைத்து இன்டர்ஃபேஸைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் குமிழ் இல்லாவிட்டால் நிறம் வருவதற்குள் இன்டர்ஃபேஸ் உடைந்த ஒலியைத் தந்துவிடும். பொதுப் பெட்டியில் செருகும் 500 சீரிஸ் வகை வாங்கினால் +16, −16 வோல்ட் தரும் பெட்டியும் தனியாக வாங்க வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள். மலிவான டியூப் ப்ரீஆம்புகள் சிலவற்றில் 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு அது கேட்கும் உயர் மின்னழுத்தத்தில் சிறு பங்குதான் கிடைக்கிறது. அப்போது வருவது மென்மையான கதகதப்பு அல்ல, உச்சங்களில் கரகரப்பு. பெட்டியில் வால்வு ஒளிர்வதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

மாட்டும் முறை

தனி ப்ரீஆம்ப் வாங்கியவர்களில் பலர் செய்யும் தவறு: அதன் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் பிளக்) அவுட்புட்டை இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீட்டிலேயே செருகுவது. அப்படிச் செய்தால் ஒலி இரண்டு ப்ரீஆம்புகள் வழியாகப் போகும். புதியதன் தரம் பழையதற்குள் அமிழ்ந்துவிடும், சிக்னலும் எளிதில் உடையும். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறு பக்கம் டிஆர்எஸ் (கால் அங்குல பேலன்ஸ்டு பிளக்) உள்ள கம்பியை எடுத்து லைன் உள்ளீட்டில் செருகுங்கள். இன்ஸ்ட் என்ற கிடார் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். லைன் உள்ளீட்டின் எல்லை +22 டிபியூ என்றால், ப்ரீஆம்பின் +4 டிபியூ உங்கள் மீட்டரில் −18இல் நிற்கும். சராசரி அங்கே, உச்சம் −12க்கும் −6க்கும் நடுவே. சில மலிவான இன்டர்ஃபேஸ்களில் லைன் உள்ளீடும் அளவைக் குறைத்து அதே மைக் ப்ரீஆம்ப் வழியாகவே போகிறது. அப்படிப்பட்ட கருவிக்கு முன்னால் விலையுயர்ந்த ப்ரீஆம்ப் வைப்பது பணத்தைக் கரைப்பதாகும். வாங்கும் முன் கையேட்டின் படத்தைப் பாருங்கள்.

பேன்டம் பவரை ஒரே இடத்திலிருந்து, மைக் நேராக மாட்டியிருக்கும் கருவியிலிருந்து மட்டுமே கொடுங்கள். வரிசை இது: கெய்னைக் குறைத்து, ஸ்பீக்கரை அணைத்து, மைக்கைச் செருகி, 48 வோல்ட்டைப் போட்டு, அரை நிமிடம் பொறுத்து, பிறகு கெய்னை ஏற்றவும். கழற்றும்போது 48 வோல்ட்டை அணைத்துவிட்டு அரை நிமிடம் கழித்துக் கழற்றவும். ரிப்பன் மைக்கை 48 வோல்ட் ஓடும் டிஆர்எஸ் பேட்ச்பேயில் (கம்பிகளை மாற்றி மாற்றி இணைக்கும் பலகை) செருகக் கூடாது. செருகும் அந்தக் கணத்தில் முனைகள் ஷார்ட் ஆகி மெல்லிய ரிப்பனை இழுத்துவிடலாம்.

ப்ரீஆம்ப் மேல் விழும் பழிகள்

'ம்ம்' என்ற தாழ்ந்த ஒலி 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருகிறது; எந்த ப்ரீஆம்ப் மாற்றினாலும் தொடரும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது: பேட்டரியில் பதியுங்கள், அல்லது எர்த் முனை உள்ள மூன்று முள் சார்ஜருக்கு மாறுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். எர்த் முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியதும் 'ர்ர்ர்' என்று கேட்டால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். படிப்படியாக இல்லாமல் சீராகத் திருகும் பழைய மின்விசிறி ரெகுலேட்டர்களும் அதே மாதிரி இரைச்சலைக் கம்பிக்குள் விடும். வேகத்தைக் குறைத்தால் போதாது, சுவிட்சையே அணைக்க வேண்டும். இடைவெளி விட்டு வரும் 'டட்-டட்' ஒலி 217 ஹெர்ட்ஸ் தாளத்தில் துடிக்கும் 2ஜி கைபேசிச் சிக்னல். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

வாங்கிய பிறகு, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள்

ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக் ஒன்றை வாங்கி, 2ஆம் முனைக்கும் 3ஆம் முனைக்கும் நடுவே 150 ஓம் மின்தடையைப் பற்றவைத்து, 1ஆம் முனையை உலோக உறையோடு இணையுங்கள். இதை மைக்குக்குப் பதிலாகச் செருகி, 48 வோல்ட்டை அணைத்து, முழு கெய்னில் ஒரு நிமிடம் பதியுங்கள். ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவு −81 டிபிஎஃப்எஸ், முன்பு அதிகபட்ச உள்ளீட்டிலிருந்து கெய்னைக் கழித்துக் கண்டுபிடித்த முழு அளவு −47 டிபியூ என்றால், இரண்டையும் கூட்டினால் −128: அதுதான் உங்கள் கருவியின் உண்மையான இஐஎன். முழு அளவு சைன் அலையைச் சில மென்பொருள்கள் ஆர்எம்எஸ் மீட்டரில் 0 என்றும் சில −3 என்றும் காட்டுவதால் 3 டெசிபல் முன்பின் இருக்கலாம். பதிவைக் காதாலும் கேளுங்கள். சீரான 'ஸ்ஸ்' இயல்பு. விசில், டிக் டிக், யுஎஸ்பி கிறுகிறுப்பு இருந்தால் கருவியிலோ மின்வழங்கியிலோ குறை. கெய்ன் குமிழை மெதுவாகத் திருகி, கரகரப்பு இருக்கிறதா, இரு சேனல்களும் ஒரே இடத்தில் ஒரே அளவு காட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, 48 வோல்ட்டைப் போட்டு, 1ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும், 1ஆம் முனைக்கும் 3ஆம் முனைக்கும் அளவெடுங்கள். 44க்கும் 52க்கும் நடுவே இருக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் கருவியானால், அடுத்த சேனலில் ஒரு கன்டென்சர் மைக்கை மாட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மின்னழுத்தம் சரிந்தால் இரண்டு மைக்குகளை ஒன்றாக நம்பி மாட்ட முடியாது.

தனி ப்ரீஆம்பை இன்டர்ஃபேஸில் உள்ளதோடு ஒப்பிட, ஒரே மைக்கை நகர்த்தாமல் ஒரே வரியை இரண்டின் வழியாகவும் பாடிப் பதியுங்கள். மென்பொருளில் இரண்டின் சராசரி அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் உயர்ந்ததாகத் தோன்றும் என்பதால் இந்தப் படியைத் தவிர்த்தால் சோதனை செல்லாது. வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லி, பெயர் பார்க்காமல் பத்து முறை கேட்டுக் குறித்துவையுங்கள். எட்டு முறையாவது சரியாகச் சொல்ல முடியாவிட்டால் புதியதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.